விளக்கு எரிந்தால் போதுமா? குறைமாதக் குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை: முழுமையான வழிகாட்டி

எங்கள் பிரிவில் இருக்கும் ஒளிச்சிகிச்சை விளக்கு ஒவ்வொன்றிலும் ஓர் இஞ்ச் டேப் துண்டு தொங்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தையல் சாமான் கடையில் வாங்கியது. 35 சென்டிமீட்டரில் வெட்டி விளக்கின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறோம். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் யாரோ மறந்துபோன குப்பை என்று நினைத்து முதல் நாளே அதைப் பிய்க்கப் போவார்கள். "தொடாதே அம்மா, மருந்தின் அளவு அதில்தான் இருக்கிறது" என்பேன்.

வெளிச்சமும் மருந்துதான். ஆன்டிபயாடிக் ஊசியைக் குத்துமதிப்பாக யாரும் போடுவதில்லை. குழந்தையின் எடையைப் பார்த்து, கணக்குப் போட்டு, இரண்டு பேர் சரிபார்த்துப் போடுகிறோம். விளக்கு விஷயத்தில் மட்டும் நீலமாக எரிகிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுகிறோம். விளக்கு எரிவது வேறு, அந்த வெளிச்சம் குழந்தையின் தோலில் போய் விழுவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு காணாமல் போகிறது, அதை எப்படி மீட்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

வடசென்னையில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் குழந்தைகள் வருகிறார்கள். சிறிய மருத்துவமனைகளில் வேலைபார்க்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். "லைட்டில் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் பயன்படும். சிகிச்சையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவு. அந்த முடிவு குழந்தையின் உடம்பில் பலிக்க வேண்டுமானால் மிச்ச வேலை எல்லாம் நம் கையில்.

மஞ்சளுக்கு நீலம் என்ன செய்கிறது

சிவப்பணு உடையும்போது வெளிவரும் மஞ்சள் பொருள் பிலிருபின். பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளோ குறைவு. கல்லீரல் இந்தப் பிலிருபினைத் தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தத்தோடு வெளியே தள்ள வேண்டும். அதைச் செய்யும் நொதி குறைமாதக் குழந்தையிடம் இன்னும் சரியாகச் சுரக்கத் தொடங்கியிருக்காது. குடலும் மந்தம் என்பதால், குடல்வரை வந்த பிலிருபினில் ஒரு பங்கு மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். ரத்தத்தில் பிலிருபினைச் சுமந்து செல்வது அல்புமின் என்ற புரதம். அதுவும் இந்தக் குழந்தைகளுக்குக் குறைவு. சுமக்க ஆளில்லாத பிலிருபின் மூளைக்குள் நுழைந்தால் கேட்கும் திறனையும் கைகால் அசைவையும் நிரந்தரமாகப் பாதிக்கும். பத்து மாதம் நிறைந்து பிறந்த குழந்தைக்குக் கவலை தராத அளவு ஏழு மாதத்திலேயே பிறந்த குழந்தைக்கு ஆபத்தாவது இதனால்தான்.

460 முதல் 490 நானோமீட்டர்வரை அலைநீளமுள்ள நீல ஒளி தோலுக்குள் இறங்கிப் பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. புது வடிவங்களில் ஒன்று சீக்கிரம் உருவாகும், ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடக்கூடியது. லூமிருபின் என்ற இன்னொன்று மெதுவாகத்தான் உருவாகும், ஆனால் திரும்பாது. கல்லீரல் நொதிக்குக் காத்திருக்காமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். விளக்கில் இருக்கும் குழந்தை பச்சையாகவும் இளக்கமாகவும் மலம் கழிப்பதைப் பார்த்துவிட்டு "சிஸ்டர், வயிற்றுப்போக்கு வந்துவிட்டது" என்று ஓடிவரும் பாட்டிகளிடம் நான் சொல்வது இதைத்தான்: மஞ்சள் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. இந்த விளக்கில் புற ஊதாக் கதிர் கிடையாது. நீலம் என்றதும் பலரும் அதைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள்.

இந்தச் சிகிச்சைக்கு முதல் பொறி வைத்தவர் ஒரு செவிலியர். இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜீன் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டுபோவார். 1956இல் ஒரு நாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைத் திறந்து காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணியின் மடிப்பு மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, வெயில் படும் ஜன்னலோரத்தில் மறந்து வைக்கப்பட்ட ரத்தக்குழாய் ஒன்றில் பிலிருபின் அளவு எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த ரிச்சர்டு கிரீமரும் அவருடைய குழுவினரும் 1958இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்த முக்கோணத்தையும் ரத்தக்குழாயையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பின்னால் வேலைக்கு வரும்.

எந்த அளவில் தொடங்குவது

கண்ணால் பார்த்து மஞ்சளை மதிப்பிடும் பழக்கத்தைக் குறைமாதக் குழந்தைகளிடம் விட்டுவிட வேண்டும். நம் குழந்தைகளின் நிறத்தில் அது ஏமாற்றும். விளக்கின் கீழ் இன்னும் ஏமாற்றும்.

எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதே முதல் கேள்வி. 35 வாரத்துக்குக் கீழே பரவலாகப் பின்பற்றப்படுவது, 2012இல் அமெரிக்க வல்லுநர்கள் இணக்கத்தோடு வகுத்த அளவுகள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. 28 வாரத்துக்குக் கீழே என்றால் 5 முதல் 6 வந்ததும் ஒளிச்சிகிச்சை. 28, 29 வாரங்களுக்கு 6 முதல் 8. 30, 31 வாரங்களுக்கு 8 முதல் 10. 32, 33 வாரங்களுக்கு 10 முதல் 12. 34 வாரத்துக்கு 12 முதல் 14. ரத்தம் மாற்றுவதற்கான எல்லை 28 வாரத்துக்குக் கீழே 11 முதல் 14. 34 வாரத்தில் அது 17 முதல் 19. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள், ஐந்தாறு மில்லிகிராம்தான். மங்கலான விளக்கின் கீழ் ஒரு ராத்திரி போனால் அது கரைந்துவிடும்.

கிருமித்தொற்று, மூச்சு நின்று நின்று வருவது, ரத்த அழுத்தக் குறைவு, அல்புமின் 2.5 கிராமுக்குக் கீழ், பிலிருபின் வேகமாக ஏறுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அந்தந்த வரம்பின் கீழ் எண்ணையே எடுத்துக்கொள்வார்கள். கல்லீரல் ஏற்கெனவே மாற்றிவிட்ட பங்கான நேரடிப் பிலிருபினைக் கழிக்காமல் மொத்த அளவைத்தான் பார்க்க வேண்டும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதை இயல்பு என்று விடக் கூடாது. தாய், சேய் ரத்த வகைகளை உடனே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விளக்கை முதலில் சோதியுங்கள், குழந்தையைப் பிறகு

முன்பு நான் வேலைபார்த்த ஒரு சிறிய மருத்துவமனையில் நடந்தது. 31 வாரத்தில் பிறந்த குழந்தை, எடை 1,350 கிராம். இரண்டு நாளாக விளக்கின் கீழ் இருந்தும் பிலிருபின் 9, 11, 13 என்று ஏறிக்கொண்டே போனது. ரத்தம் மாற்ற வேண்டியிருக்கும் என்று மருத்துவர் பெற்றோரிடம் பேசத் தொடங்கிவிட்டார். எங்களிடம் ஒளி அளக்கும் மீட்டர் இல்லை. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் இருந்தது. ஆளனுப்பி இரவல் வாங்கிவந்து குழந்தையின் வயிற்றுக்கு மேலே பிடித்தேன். மீட்டர் 9 காட்டியது, வேண்டியதோ 30.

கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முந்தின நாள் எக்ஸ்ரே எடுக்க வந்தவர் விளக்கை மேலே தூக்கியிருக்கிறார், யாரும் இறக்கவில்லை. இன்குபேட்டர் மூடியின் உட்புறம் ஆவி படிந்து முத்து முத்தாகத் தண்ணீர். விளக்கின் கண்ணாடியில் விரலால் கோடு போட்டால் தெரியும் அளவுக்குத் தூசி. லாரிப் போக்குவரத்தும் உப்புக்காற்றும் சேர்ந்து எங்கள் பகுதியில் எதன்மீதும் படியவைக்கிற அதே பிசுபிசுப்பு. துடைத்தோம், இறக்கினோம், சுற்றி வெள்ளை விரிப்பு கட்டினோம். மீட்டர் 28ஐத் தொட்டது. புது மருந்து எதுவும் சேர்க்கவில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏற்றம் நின்றிருந்தது, அதற்கடுத்ததில் இறங்கியது. அன்றிலிருந்துதான் எனக்கு இஞ்ச் டேப் பைத்தியம்.

ஒளியின் வலுவைச் சதுர சென்டிமீட்டருக்கு, நானோமீட்டருக்கு இத்தனை மைக்ரோவாட் என்று அளக்கிறார்கள். தீவிர ஒளிச்சிகிச்சை என்று சொல்ல 30 வேண்டும். 8 முதல் 10 என்பது பழைய சாதாரண விளக்குகளின் அளவு. மீட்டரின் உணரியைக் குழந்தை படுத்திருக்கும் மட்டத்தில், விளக்கை நேராகப் பார்க்கும்படி பிடியுங்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அளந்து திருப்திப்படாதீர்கள். தலை, வயிறு, முழங்கால் என்று மூன்று இடத்திலாவது அளந்து சராசரி எடுங்கள். நடுவில் 32 காட்டும் விளக்கு முழங்காலில் 14 காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் விளக்கு வகைக்குப் பொருந்தும் மீட்டர்தானா என்று தயாரிப்பாளர் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே விளக்கை இரண்டு கம்பெனி மீட்டர்கள் இரண்டு விதமாகக் காட்டும். மீட்டர் வாங்க முடியாத இடங்கள் நாலைந்து சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். எங்கள் பக்கம் அப்படித்தான் ஓடுகிறது. அது ஒரு பிஸ்கட் டப்பாவில் இருசக்கர வண்டியில் பயணம் செய்கிறது.

தூரம்தான் காசில்லாத மருந்து. விளக்கு விலக விலக ஒளி வேகமாகக் குறையும். எங்கள் எல்.இ.டி. விளக்குகளுக்கு 35 சென்டிமீட்டர். உங்களுடையதற்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே அளவு. ஹாலோஜன் விளக்கு இன்னும் எங்காவது உயிரோடு இருந்தால், அதைக் கையேடு சொல்வதைவிடக் கீழே கொண்டுவரவே கூடாது, தோல் வெந்துவிடும். இன்குபேட்டர் என்றால் மூடிக்கு மேலே காற்றோட்டத்துக்கு நாலு விரல் இடைவெளி விட்டு, சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். சாய்வாக விழும் ஒளியில் ஒரு பகுதி மூடியிலேயே தெறித்துப் போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் விளக்குச் சக்கரம் நிற்கும் இடத்தைத் தரையில் பிளாஸ்திரியால் குறித்துவையுங்கள். காலையில் தரை துடைக்கும்போது விளக்கு ஒரு சாண் நகர்ந்துவிடும். குழந்தை இருட்டில் கிடக்கும், நீலம் பக்கத்துத் தலையணையில் விழும்.

குழாய் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே வலுவிழக்கும், கண்ணுக்குத் தெரியாது. எத்தனை மணி நேரம் எரிந்தது என்று குறித்துவைத்து, தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்ற வேண்டும். எல்.இ.டி. பல மடங்கு உழைக்கும். அதுவும் சாகாவரம் பெற்றதல்ல, மாதம் ஒருமுறையாவது அளந்து நோட்டில் எழுதுங்கள். துடைப்பது தினமும்.

வெளிச்சம் படும் இடத்தைக் கூட்டுவது

இப்போது அந்த முக்கோணம். துணி மூடிய இடத்தில் சிகிச்சை நடக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆகவே தொப்பி, காலுறை, சட்டை எல்லாம் கழற்ற வேண்டும். நாப்கின் சின்னதாக இருக்கட்டும். பெரிய குழந்தைக்கான டயப்பரை 1,200 கிராம் குழந்தைக்குப் போட்டால் அது மார்புவரை ஏறி நிற்கும், பாதி உடம்பு போயிற்று. நாப்கினை இடுப்பில் மடித்துவிட்டாலே ஒரு கையளவு தோல் கூடுதலாகக் கிடைக்கும்.

கீழேயிருந்தும் ஒளி கொடுக்கலாம். இழைகள் வழியாக ஒளி வரும் மெத்தை போன்ற ஒளியிழைப் பட்டைமேல் படுக்கவைத்து மேலே ஒரு விளக்கு வைத்தால் முதுகுக்கும் வேலை நடக்கும். பட்டை இல்லாவிட்டால் வெள்ளை விரிப்பை மூன்று பக்கமும் தொங்கவிடுங்கள். பக்கவாட்டில் சிதறும் ஒளி திரும்பி வரும். ஆனால் நாலாவது பக்கம் திறந்திருக்க வேண்டும், குழந்தையின் முகம் நமக்குத் தெரிய வேண்டும், விளக்கின் காற்றுத் துவாரத்தை மூடக் கூடாது. விரிப்பு கட்டியபின் உடம்புச் சூட்டை ஒருமுறை கூடுதலாகப் பாருங்கள்.

எல்.இ.டி.க்கு மாறிய இடங்களில் எதிர்பாராத தொல்லை ஒன்று உண்டு. பழைய விளக்குகள் ஒளியோடு சூட்டையும் கொடுத்தன, இது கொடுக்காது. உடுப்பில்லாமல் கிடக்கும் சின்னக் குழந்தை சத்தமில்லாமல் குளிர்ந்துபோகும். ஏ.சி. காற்று நேராக வீசாத இடத்தில் வைத்து, வார்மரைச் சரிசெய்து, 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் நிறுத்துங்கள்.

கண்களைக் கட்டாமல் விளக்கைப் போடவே கூடாது. கட்டு நழுவி மூக்கை அடைப்பதும் உண்டு. குறைமாதக் குழந்தைக்கு அதைத் தள்ளிவிடும் பலம் இல்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் கட்டை அவிழ்த்துக் கண்ணைப் பாருங்கள், பீளை, சிவப்பு இருக்கிறதா என்று. நீல வெளிச்சத்தில் உதடு நீலம் பாய்ந்தாலும் தெரியாது என்பதால் அவ்வப்போது விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். ஆக்சிஜன் அளக்கும் உணரியைத் துணியால் மூடிவையுங்கள், நீல ஒளி சில கருவிகளைக் குழப்பும். சிரை வழியாகக் கொழுப்புச் சத்து ஏறுகிறது என்றால் அந்தக் குழாயையும் ஒளி படாமல் மறைக்க வேண்டும். விளக்கில் இருக்கும்வரை எங்கள் பிரிவில் எண்ணெய் தடவுவதில்லை.

ஒரு கிலோவுக்குக் கீழே: கையை அடக்குங்கள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு எல்லா விளக்கையும் இறக்கி முழு வேகத்தில் வைத்துவிடாதீர்கள். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் 1,974 குழந்தைகளைச் சேர்த்து நடத்தி 2008இல் வெளியான பெரிய ஆய்வில், சீக்கிரமே தொடங்கித் தீவிரமாகக் கொடுத்தபோது பிழைத்த குழந்தைகளின் மூளை வளர்ச்சிக் குறைபாடு குறைந்தது. ஆனால் 501 முதல் 750 கிராம்வரை எடையுள்ளவர்களில் இறப்பு சற்று கூடக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. அந்தக் குழந்தையின் தோல் மெல்லிய சவ்வு மாதிரி, ஒளி ஆழமாக இறங்கிவிடும்.

அதனால் 1,000 கிராமுக்குக் கீழே குறைந்த வலுவில் தொடங்குகிறார்கள். பிலிருபின் அப்போதும் ஏறினால் முதலில் ஒளி படும் பரப்பைக் கூட்ட வேண்டும். கீழே பட்டை, பக்கத்தில் விரிப்பு. அதற்கும் அடங்கவில்லை என்றால்தான் வலுவைக் கூட்டுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இங்கேயும் மீட்டர் வேண்டும். அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ள.

நேரடிப் பிலிருபின் கூடியிருக்கும் குழந்தையை விளக்கில் வைத்தால் தோல் வெண்கல நிறமாகலாம். பயப்பட வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கல்லீரலைக் கவனிக்கச் சொல்லும் குறிப்பு.

ரத்தம் எடுக்கும்போது

ஜன்னலோரத்து ரத்தக்குழாய் சொன்ன பாடம் இங்கே. குழாய்க்குள் இருக்கும் பிலிருபினையும் ஒளி மாற்றும். விளக்கை அணைத்துவிட்டு ரத்தம் எடுங்கள், குழாயை உடனே அலுமினியத் தாளில் சுற்றுங்கள், பரிசோதனைக் கூடத்துக்குப் போகும்வரை மேசைமேல் கிடக்கவிடாதீர்கள். எங்கள் வார்டு ஆயாம்மா ஒருவர் குழாயை முந்தானையில் முடிந்துகொண்டு போவார். அறிவியல்படி அது மிகச் சரி. ரத்தம் எடுத்து முடித்ததும் விளக்கைத் திரும்பப் போட மறப்பது இன்னொரு வழக்கமான தவறு. ஊசியைக் குப்பையில் போடுவதும் சுவிட்சைப் போடுவதும் ஒரே ஆளின் வேலையாக இருக்கட்டும்.

தொடங்கி 4 முதல் 6 மணி நேரத்தில் முதல் அளவு, இறங்கத் தொடங்கியதும் 6 முதல் 12 மணிக்கு ஒருமுறை. விளக்கில் இருக்கும் குழந்தைக்கு நெற்றியில் வைத்து அளக்கும் தோல் மீட்டரை நம்ப வேண்டாம். தோல் வெளுத்திருக்கும், ரத்தத்தில் அப்படியே இருக்கும். ஏறிக்கொண்டே போனால் தூரம், தூசி, துணி மூன்றையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் ஏறினால் ரத்தம் உடைகிறதா, தொற்றா, உள்ளே எங்காவது ரத்தக்கசிவா என்று மருத்துவர் தேடுவார்.

பாலும் தாயும்

சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் மஞ்சள் இறங்கும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இறங்காது. வயிறு நிறைந்து பால் குறையும், குடல் இன்னும் மந்தமாகும். தாய்ப்பால்தான் குடலை ஓட்டி மஞ்சளை வெளியேற்றும். உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குப் பீச்சிய பாலைக் குழாயில் கொடுக்கலாம். விழுங்கத் தெரிந்ததும் நம் ஊர் பாலாடை இருக்கவே இருக்கிறது. தாய் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை பீச்சட்டும், ராத்திரியிலும்.

பாலுக்காக அரை மணி நேரம் விளக்கிலிருந்து எடுப்பதில் தவறில்லை. ரத்தம் மாற்றும் எல்லைக்கு அருகில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. ஒளியிழைப் பட்டை இருந்தால் கங்காரு முறையில் தாயின் மார்பில் இருக்கும்போதே சிகிச்சையைத் தொடரலாம். தினமும் எடை பாருங்கள், நாப்கினை எடைபோட்டுச் சிறுநீரைக் கணக்கிடுங்கள். விளக்கில் இருக்கிறது என்பதற்காகவே எல்லோருக்கும் கூடுதல் திரவம் ஏற்ற வேண்டியதில்லை.

கண்ணைக் கட்டி, உடுப்பில்லாமல், நீல வெளிச்சத்தில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துத் தாய் அழுவாள். காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று நாளும் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றாள். குழந்தைக்குச் சுடுமோ என்று. அவளுடைய கையை எடுத்து விளக்கின் கீழே நீட்டிப் பிடித்தேன். "சூடே இல்லையே அக்கா" என்றாள். அதன்பிறகு கட்டிலைவிட்டு நகரவில்லை. நாப்கின் மேலே ஏறிவிட்டது என்று எனக்கே நினைவுபடுத்தினாள்.

மின்சாரம் போய்த் திரும்பும்போது

இரண்டு நொடி மின்வெட்டு, ஜெனரேட்டர் எடுத்துக்கொள்கிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் பல விளக்குகள் மின்சாரம் திரும்பியதும் தானாக எரிவதில்லை, சில குறைந்த நிலையில் எரிகின்றன. உங்கள் விளக்கு எந்த ரகம் என்று ஒரு பகலில் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நாங்கள் ஒரு விடியற்காலை தெரிந்துகொண்டோம். ஆறு மணி நேரம் குறைந்த நிலையிலேயே எரிந்திருந்தது. இப்போது மின்சாரம் திரும்பியதும் கட்டில் கட்டிலாக ஒரு சுற்று வருவது இரவுப்பணியின் சட்டம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தப் பக்கம் தண்ணீரும் இருட்டும் எப்படி நின்றன என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. மழைக்காலத்துக்கு முன் எந்த விளக்கு எந்த இணைப்பில் இருக்கிறது, இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் தரையில் கிடக்கக் கூடாது.

நிறுத்துவதும் வீட்டுக்கு அனுப்புவதும்

தொடங்கிய எல்லையைவிட 1 முதல் 2 மில்லிகிராம் கீழே இறங்கியதும் நிறுத்தலாம். எல்லை வயதோடு நகரும் என்பதை மறக்காதீர்கள். 29 வாரத்தில் பிறந்து ஒரு வாரமான குழந்தைக்கு 30 வாரக் கணக்கு. நிறுத்திய 12 மணி நேரத்துக்குப் பிறகு, ஒரு நாளைக்குள், மறுபடி ரத்தம் பாருங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மஞ்சள் திரும்ப ஏறுவது சாதாரணம். பிலிருபின் உயரத்தில் இருந்த எந்தக் குழந்தையும் பெரா என்ற செவித்திறன் பரிசோதனை இல்லாமல் தொடர்கவனிப்பிலிருந்து விடுபடக் கூடாது.

வீட்டுக்குப் போனபின் மிச்ச மஞ்சளுக்கு வெயில் காட்டச் சொல்வார்கள். நைஜீரியாவில் புற ஊதாக் கதிரை வடிகட்டும் திரைகளுக்கு அடியில் வெயிலையே சிகிச்சையாகக் கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள், 2015இல் அது வெளிவந்தது. அது கண்காணிப்போடு, ஓரளவு பெரிய குழந்தைகளுக்கு. திருவொற்றியூர் மொட்டை மாடியில் 1,800 கிராம் குழந்தையை வைப்பது அதுவாகாது. ஒரு தகப்பனார் ரிச்சி தெருவில் நீல எல்.இ.டி. பட்டை வாங்கித் தொட்டிலைச் சுற்றி ஒட்டியிருந்தார். தொட்டில் கல்யாண மண்டபம் மாதிரி மின்னியது. பாசம் புரிகிறது. அளக்கப்படாத நீலம் மருந்தாகாது. கீழாநெல்லிச் சாறு, தெருவில் விற்கும் கழுதைப்பால் எதுவும் இந்தக் குழந்தையின் வாய்க்குப் போகக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு மூன்று வாரத்துக்குப் பின்னும் மஞ்சள் நின்றால், அல்லது எந்த நாளிலும் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால், உடனே காட்ட வேண்டும். பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் அறுவைசிகிச்சை செய்வது நல்லது.

கடைசியாக, வீட்டிலிருந்து வரும் துணிப்பை. பீரோவில் பாச்சை உருண்டை போட்டுப் பாதுகாத்த பழைய சேலைத் துணியை ஆயாக்கள் ஆசையாகக் கொண்டுவருவார்கள், குழந்தையைச் சுற்றி எடுத்துப்போக. ஜி6பி.டி. என்ற நொதி குறைந்த குழந்தைக்கு அந்த வாசனையில் இருக்கும் நாப்தலின் போதும், சிவப்பணுக்கள் மளமளவென்று உடைந்து மஞ்சள் மறுபடி ஏறும். அதனால் கிளம்பும் நாளில் பையை வாங்கி முகர்ந்து பார்ப்பேன். வாசனை வந்தால் துணியைத் திருப்பிக் கொடுத்து, நன்றாகத் துவைத்து வெயிலில் காயப்போட்டபின் பயன்படுத்தச் சொல்லிவிட்டு, வார்டு துணி ஒன்றில் சுற்றி அனுப்புகிறேன். "என்ன சிஸ்டர், மோப்பம் பிடிக்கிறாய்?" என்று கேட்காத ஆயா இதுவரை இல்லை.